ஒரு வீட்டுக்கு இரண்டு போசி

மார்ச் 2, ஞாயிறு

மதியச் சாப்பாட்டு வேளைக்கு நவநீதன் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினான். எப்போதும் தோளில் ஒரு பையோடு வருகிறவன், இன்றைக்கு இரண்டு பெட்டி, சுருட்டிக் கட்டிய மெத்தை, கம்ப்யூட்டர் திரை ஒன்று என்று ஆட்டோ நிறையக் கொண்டுவந்தான். எல்லாவற்றையும் வாசலில் இறக்கி வைக்கும்போது எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகியது.

"எங்க டீம்ல இருந்த அத்தன பேரையும் நிறுத்திட்டாங்கப்பா" என்றான்.

"சாப்புட்டியா?" என்று கேட்டேன். முப்பத்தோரு வயது மகனிடம் அந்த இடத்தில் வேறு என்ன கேட்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதியவன். நாய்க்கடிக்குப் பயந்திருக்கிறேன், வேலை போகும் என்று ஒரு நாளும் பயந்ததில்லை. ரிட்டயர் ஆகும் அன்று மாலை போட்டு அனுப்பினார்கள். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் போதாது.

வசந்தாமணி அடுப்படியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அப்பளம் பொரித்தாள். அவன் நாலு அப்பளம் தின்றான். வேலை போனவன் நாலு அப்பளம் தின்னலாமா கூடாதா என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

நான் பால் வாங்கி வந்து, காபி குடித்து, பேப்பர் படித்து, மோட்டார் போட்டு, தண்ணீர் நிறைத்து, மோட்டாரை நிறுத்தியும் ஆகிவிட்டது. வசந்தாமணி மிக்ஸியில் சட்னி அரைத்தாள். அந்தச் சத்தத்துக்குச் செத்தவனே எழுந்து உட்காருவான். எட்டு மணி தாண்டிவிட்டது. இன்னும் எழவில்லை.

மார்ச் 7, வெள்ளி

எதிர்வீட்டு மல்லிகா விசாரித்தாள். லீவில் வந்திருக்கிறான் என்று நான் சொன்னேன். அதே மல்லிகாவிடம் வசந்தாமணி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான் என்று சொல்லியிருக்கிறாள். லீவு போட்டுவிட்டு வீட்டிலிருந்து வேலை பார்க்கிற ஒரே ஆள் இந்தத் தாராபுரத்தில் என் மகன்தான். புளுகுவதென்றாலும் புருஷனும் பெண்டாட்டியும் முதலில் கூடிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

மதியம் சாப்பிடும்போது பேச்சு ஒன்றும் ஓடவில்லை. பேச்சை ஆரம்பிக்கட்டும் என்று, "சும்மாதான இருக்கற, நாளைக்குப் பாலையாவது வாங்கிட்டு வா" என்றேன். தமாஷுக்குத்தான் சொன்னேன். அவன் "சரிங்கப்பா" என்றான். ரசத்துக்குச் சோறு போட்டுக்கொள்ளாமல் எழுந்துவிட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரசத்தின் அருமை தெரிவதில்லை.

மார்ச் 8, சனி

எழுந்து முகம் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு போசியைத் தேடினால் காணோம். அது பால் வாங்குகிற தூக்குப் பாத்திரம். கழுவிக் கவிழ்த்து வைத்த இடத்தில்தான் இருக்கும், யாரும் தொட மாட்டார்கள். அடுப்படி முழுக்கத் தேடிவிட்டு வசந்தாமணியை எழுப்பப் போனேன். வாசல் கேட் திறக்கிற சத்தம். நவநீதன் போசியோடு வருகிறான்.

"வாங்கியாந்துட்டனுங்கப்பா. நீங்க படுத்துக்குங்க."

வசந்தாமணிக்கு வாயெல்லாம் பல். "என்ற கண்ணு" என்று அவன் தலையைத் தடவினாள். நான் ஆயிரம் தடவை பால் வாங்கி வந்திருப்பேன். என் தலையை யாரும் தடவியதில்லை.

நல்லதுதான். ஒரு நாள் ஓய்வு. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். பேப்பர் இன்னும் வந்திருக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

ஒரு நாள் என்று நினைத்தேன். தினமும் அவனேதான் போகிறான். நான் கண் விழிக்கும்போது பால் அடுப்பில் பொங்கிக்கொண்டிருக்கிறது.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் ஒன்றை எழுதி வைக்கிறேன். பால் சொசைட்டி நம் தெரு முனை தாண்டி, வேப்ப மரத்தடியில் இருக்கிறது. மாடு வைத்திருக்கிற சுற்றுப்பட்டுத் தோட்டக்காரர்கள் வண்டியில் கேன் கட்டிக்கொண்டு பால் கொண்டுவருவார்கள். அவர்கள் ஊற்றி முடிக்கிற வரை நாங்கள் நாலைந்து பேர் படியில் உட்கார்ந்திருப்போம். யார் வீட்டில் கல்யாணம், யாருக்குச் சர்க்கரை, எந்த மாடு கன்று போட்டது எல்லாம் அங்கேதான் தெரியும். பால் அளக்கிற செல்லமுத்து எனக்குக் கடைசியில் ஒரு முழுங்கு கூடுதலாக ஊற்றுவார். "லைன்மேன் சாருக்கு" என்பார். நான் லைன்மேன் இல்லை, கணக்கெடுக்கிறவன் என்று சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டேன்.

முன்னெல்லாம் வீட்டுக்கே வந்து பால் ஊற்றுகிற ஆள் ஒருவர் இருந்தார். நான் ரிட்டயர் ஆன மாதம் பார்த்து அவர் வருவதை நிறுத்திவிட்டார். நல்ல வேளையாக நான் சும்மா இருந்தேன், இல்லாவிட்டால் வசந்தாமணி பாவம் திண்டாடியிருப்பாள்.

மார்ச் 18, செவ்வாய்

மோட்டாரும் போயிற்று.

மேலே தண்ணீர்த் தொட்டி நிறைவதைக் காதால் கேட்டே சொல்லிவிடுவேன். அடியில் விழும்போது ஒரு சத்தம், பாதிக்கு வந்தால் ஒரு சத்தம், வாய் வரைக்கும் வந்துவிட்டால் குழந்தை முனகுகிற மாதிரி ஒரு சத்தம். சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு சொட்டுக் கூட வழிய விட்டதில்லை.

இன்று நவநீதன் ஏணி போட்டு ஏறி என்னமோ ஒரு மிதவையைத் தொட்டியில் கட்டி, கீழே ஒரு பெட்டியை மாட்டிவிட்டான். தண்ணீர் குறைந்தால் தானே போடுமாம், நிறைந்தால் தானே நிறுத்துமாம்.

"இனி நீங்க இங்க காத்துக்கிட்டு உக்கார வேண்டியதில்லீங்கப்பா" என்றான். முகத்தில் அப்படி ஒரு பெருமை. மேலெல்லாம் பாசி, முழங்கையில் சிராய்ப்பு.

"நல்லா இருக்குது" என்றேன். நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அப்புறம் யாரோ அதை மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

மார்ச் 24, திங்கள்

இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் கரண்ட் பில் கட்ட நம் பழைய ஆபீஸுக்குப் போவேன். போனால் டீ வரும். குப்புசாமி இன்னும் சர்வீஸில் இருக்கிறான். என் கையெழுத்தை இன்னமும் கிண்டல் பண்ணுவான். போன மாதிரியும் ஆயிற்று, பார்த்த மாதிரியும் ஆயிற்று. இன்று சலவைச் சட்டையாகப் போட்டுக்கொண்டு போனேன்.

குப்புசாமி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அண்ணா, நேத்தே கட்டியாச்சே. பையன் போன்லயே கட்டிட்டாப்ல இருக்குது. இதுக்குப் போயி இந்த வெயில்ல வந்தீங்களா?" என்றான். பின்னால் நின்ற ஒருவர், நகர்கிறீர்களா என்கிற மாதிரி பார்த்தார். நகர்ந்தேன்.

"பையன் லீவுலயாண்ணா?"

"ஆமா, லீவுலதான்."

டீ வந்தது. குடித்தேனா இல்லையா என்று ஞாபகமில்லை.

மார்ச் 25, செவ்வாய்

அவனிடம் பேசவில்லை. கோபம் என்று இல்லை. கோபம் என்றால் எதற்கு என்று சொல்லத் தெரிய வேண்டும். வெயிலில் அலையவேண்டாம் என்று மகன் பில் கட்டினான், அதற்காகக் கோபப்படுகிற அப்பனை ஊர் உலகத்தில் யாராவது பார்த்ததுண்டா? ஆகையால் இது கோபம் இல்லை.

"ஒடம்பு சரியில்லீங்களாப்பா?" என்று கேட்டான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்று பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். அப்புறம் செருப்புச் சத்தம் மாடிக்குப் போயிற்று.

மார்ச் 29, சனி

சந்தைக்கு நான் போய் வருவதற்குள் அவனும் வண்டியில் போய் வந்துவிட்டான். இரண்டு பேரும் கத்தரிக்காய். அவன் வாங்கியதில் பாதி சொத்தை. இதைச் சொல்லும்போது எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது?

ஏப்ரல் 4, வெள்ளி

இன்று ஒரு கூத்து.

எப்படியாவது அவனுக்கு முன்னால் எழுந்துவிடுவது என்று இரண்டு நாளாகப் பார்க்கிறேன், முடியவில்லை. இன்று முடிந்தது. பரண் மேல் கிடந்த பழைய போசி ஒன்றை நேற்றே எடுத்து என் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். இருட்டோடு கிளம்பிப் போனால் சொசைட்டி கதவே திறக்கவில்லை. படியில் யாரோ முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் நவநீதன். பக்கத்தில் நம் போசி.

அவன் எழுந்து நின்றான். நான் மேல்படியில் உட்கார்ந்தேன். அவன் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். செல்லமுத்து வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னுங்க லைன்மேன் சார், ஒரு ஊட்டுக்கு ரெண்டு போசியா? ஊட்ல ஏதாச்சும் விசேசமுங்களா?" என்றார். தோட்டக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

இரண்டு போசியிலும் வாங்கினோம். திரும்பும்போது, "குடுங்கப்பா, நான் எடுத்துக்கறேன்" என்று கையை நீட்டினான். நான் தரவில்லை. தெரு முழுக்க ஆளுக்கொரு போசியோடு முன்னும் பின்னுமாக நடந்து வந்தோம்.

வசந்தாமணி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "இத்தன பாலை வெச்சுக்கிட்டு நான் தயிர்க்கடைதான் போடோணும்" என்றாள். அத்தோடு தீர்ப்பும் சொல்லிவிட்டாள்: "இனிமேட்டு பாலுக்குத் தம்பியே போகட்டும். நீங்க பேசாம ரெஸ்ட் எடுங்க."

ரெஸ்ட். என்னை மாலை போட்டு அனுப்பிய அன்றும் மேலதிகாரி இதே வார்த்தையைத்தான் சொன்னார்.

ஏப்ரல் 9, புதன்

"அவன எதுக்கு மொறச்சுக்கிட்டே இருக்கறீங்க?" என்று வசந்தாமணி பிடித்துக்கொண்டாள். அவன் வெளியே போயிருந்தான்.

"நான் எங்க மொறச்சேன்?"

"மூஞ்சிய மூணு முழத்துக்குத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கறது ஊருக்கே தெரியுது. வேல போனது அவன் குத்தமாங்க?"

நான் திகைத்துப் போனேன். வேலை போனது அவன் குற்றம் என்று எவன் சொன்னான்? அவன் வேலையைப் பற்றி நான் நினைத்தே வாரக்கணக்கில் ஆகிறது. இதை அவளிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அப்படியானால் எதற்கு மூஞ்சி என்று கேட்பாள். பால் போசிக்காக என்று சொல்வதா? அறுபது தாண்டிய ஆள் நான். பேசாமல் இருந்துவிட்டேன்.

பேசாமல் இருந்ததை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைக் கனி. கண்ணாடிக்கு முன்னால் பழத் தட்டு வைத்துக் கும்பிட்டோம். கண்ணாடியில் மூன்று பேர் முகமும் தெரிந்தது. ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

ஒரு நல்ல சேதி. சென்னையில் ஒரு கம்பெனியில் நவநீதன் இரண்டு சுற்று பாஸ் பண்ணிவிட்டானாம். கடைசிச் சுற்று மே மாதம் பாதிக்கு மேல்தான். அவன் பார்த்த அதே வேலை, அதைவிடப் பெரிய இடம். நடுவில் ஓசூரில் இருக்கிற சிநேகிதன் ஒருவன் கூப்பிடுகிறானாம். ராத்திரி முழுக்க விழித்திருந்து வெளிநாட்டுக்காரர்களிடம் போனில் ஏச்சு வாங்குகிற உத்தியோகம். இரண்டு வருஷத்துக்கு நகரக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்வார்களாம்.

"அது வேண்டாம்னு சொல்லிட்டேன். சென்னைக்குக் காத்திருக்கறனுங்கம்மா" என்று அவளிடம்தான் சொன்னான். நான் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்தேன். கெட்டிக்காரன், சரியாகத்தான் யோசிக்கிறான் என்று நினைத்தேன். எழுந்து போய்ச் சொல்லவில்லை.

ஏப்ரல் 19, சனி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மிஞ்சியிருந்தது ரேஷன் கடை ஒன்றுதான். அங்கே கைரேகை வைக்க வேண்டும், போனில் நடக்காது. கார்டை எடுத்து, பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். நவநீதன் வண்டிச் சாவியோடு வந்தான். "கூட்டமா இருக்குதுங்கப்பா. என்ற ரேகையும் கார்டுல இருக்குது. நீங்க உக்காருங்க, நான் போய்ட்டு வந்தர்றேன்" என்று பையைப் பிடித்தான். நான் விடவில்லை. அவனும் பாசமாகத்தான் இழுத்தான். பையின் காது அறுந்துபோயிற்று.

"காத்தால எந்திரிச்சதுல இருந்து பொழுது சாயற வரைக்கும் என்ற கண்ணு முன்னாலயே நிக்கோணுமாடா நீ?"

இதை நான்தான் சொன்னேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன். எதிர்வீட்டுத் திரை விலகியது.

அவன் பையைக் கீழே வைத்தான். "இல்லீங்கப்பா" என்றான். ரேஷனுக்கு நானே போனேன். வரிசையில் நின்றேன். முன்பு போல் இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஓசூருக்கு வருவதாகச் சிநேகிதனிடம் சொல்லிவிட்டான். இருபத்தெட்டாம் தேதி திங்கள்கிழமை சேருகிறான். முந்தின நாள் ஞாயிறு மதியம் பஸ்.

வசந்தாமணி என்னிடம் பேசுவதில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

சந்தோஷப்பட வேண்டியவன் நான். அடுத்த வாரத்திலிருந்து போசி என்னுடையது, மோட்டார் என்னுடையது, கரண்ட் ஆபீஸ் என்னுடையது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. பின்னே ஏன் இட்டிலி தொண்டையில் அடைக்கிறது?

சாயங்காலம் அவன் என் போனை வாங்கி, எதை எங்கே அமுக்கினால் பில் கட்டலாம், எதை அமுக்கினால் கேஸ் சிலிண்டர் வரும் என்று காட்டினான். "நான் போனதுக்கப்பறம் உங்களுக்குச் சிரமமா இருக்கக்கூடாதுங்க." அவன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நகத்தைக் கடித்துக் கடித்துச் சதை தெரிந்தது. சின்னப் பையனாக இருந்தபோது பரீட்சைக்கு முந்திக் கடிப்பான், பின்னால் விட்டுவிட்டான். எப்போது திரும்ப ஆரம்பித்தான் என்று எனக்குத் தெரியாது. கண் முன்னால்தான் இருந்தான்.

ஏப்ரல் 24, வியாழன்

வசந்தாமணி இன்று வாயைத் திறந்தாள். திறந்தவள் மூடவில்லை.

"அன்னைக்குச் சோத்துல கைய வெச்சுக்கிட்டு இருக்கறவன்கிட்ட சும்மாதான இருக்கறன்னு சொன்னீங்களே, அதுக்கப்பறம் என்னைக்காச்சும் அவன் விடிஞ்சு எந்திரிச்சு நீங்க பாத்தீங்களா? ரெண்டாந்தரம் சோறு கேட்டுப் பாத்தீங்களா? திங்கற சோத்துக்கு எதையாச்சும் செய்யோணும்னு அவன் ஊட்டு வேலைக்காரனாட்ட அலையறான். அதுக்கும் மூஞ்சியக் காட்டுனா அவன் எங்க போவான்?"

நான் அப்படியா சொன்னேன் என்று கேட்கப் போனேன். கேட்கவில்லை. இந்த நோட்டின் முன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் தெரியும். புரட்டப் பயமாக இருக்கிறது.

"எனக்கு அவன் மேல கோவம் இல்லம்மிணி" என்றேன். கல்யாணமான புதிதில் அவளை அம்மிணி என்று கூப்பிட்டது. "பாலு வாங்கறது, மோட்டாரு போடறதுன்னு எனக்குன்னு நாலு சோலி இருந்துச்சு. அதையெல்லாம் அவன் எடுத்துக்கிட்டான். அவ்வளவுதான்."

அவள் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க, நீங்க ரிட்டயர் ஆனப்ப பால்காரர் எதுக்கு நின்னாருன்னு நெனச்சீங்க? நாந்தான் வேண்டாம்னு சொன்னேன். காத்தால எந்திரிச்சு எங்க போறதுன்னு தெரியாம செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னீங்க. அதப் பாக்கச் சகிக்கல. அதான் போசியக் கையில குடுத்தேன்."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அவள் விடவில்லை.

"இப்ப அவன் அதே மாதர வந்து நின்னான். இருந்தது ஒரு போசி, நின்னது ரெண்டு பேரு. எவன் ஒடஞ்சு போவானோ அவன் கையிலயே இருக்கட்டும்னு விட்டேன். நீங்க தாங்கிக்குவீங்கன்னு நெனச்சேன்."

இரண்டு வருஷமாக நான் அவளுக்கு ஒத்தாசை செய்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 26, சனி

நாளைக்கு அவனுக்குப் பஸ். ஓசூரில் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்றால் சென்னை போயிற்று. அவன் போவது சம்பளத்துக்காக இல்லை, என் கண்ணில் படாமல் இருப்பதற்காக. இதை நிறுத்த வேண்டுமென்றால் நான் போய் உள்ளதைச் சொல்ல வேண்டும். உள்ளதோ, அப்பன் மகனிடம் சொல்லக்கூடியதாக இல்லை.

காலையில் ஒரு தரம் மாடிக்குப் போனேன். பெட்டியில் துணி மடித்துக்கொண்டிருந்தான். "சார்ஜர் எடுத்து வெச்சியா?" என்றேன். "வெச்சுட்டனுங்கப்பா" என்றான். இறங்கி வந்தேன். மதியம் திரும்பவும் போனேன். "போர்வை எடுத்து வெச்சியா? ஓசூர் குளுரும்" என்றேன். அதையும் எடுத்து வைத்திருந்தான். சாயங்காலம் போனபோது கேட்பதற்குச் சாமான் ஒன்றும் பாக்கியில்லை. வாசற்படியில் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இருட்டோடு கேட் சத்தம் கேட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு, பழைய போசியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். சொசைட்டி திறக்கவில்லை. அதே படியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "நீங்க வாங்கிக்குங்கப்பா, நான் போறேன்" என்றான்.

"உக்காரு."

உட்கார்ந்தான். இந்தத் தடவை நானும் அதே படியில் உட்கார்ந்தேன்.

"எனக்கு வேல போயிருச்சுடா" என்றேன்.

"என்னுங்கப்பா?"

"பாலு வாங்கறது என்ற வேல. மோட்டாரு போடறது என்ற வேல. கரண்ட் ஆபீஸுக்குப் போய் டீக் குடிக்கறதும் என்ற வேலதான். எனக்கு இருந்ததே அவ்வளவுதான். ஒண்ணொண்ணா நீ எடுத்துக்கிட்ட. அதுக்குத்தான் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தேன். உனக்கு வேல இல்லைன்னு இல்ல. சத்தியமா இல்ல." போசியைக் கீழே வைத்தேன். "காத்தால எந்திரிச்சு எங்க போறதுன்னு தெரியலைன்னா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உங்கிட்ட அப்பிடிப் பேசிப்போட்டேன்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சிரித்தான். "பாலுக்காங்கப்பா?" என்றான். "ரெண்டு மாசமா பாலுக்காங்க?" சிரித்துக்கொண்டே இருந்தவன் போசியை மடியில் வைத்துக்கொண்டு அதன் மேல் குனிந்துவிட்டான். முதுகு குலுங்கியது. சிரிப்பு இல்லை அது.

"திங்கற சோத்துக்காச்சும் சரியா இருக்கட்டும்னுதானுங்கப்பா செஞ்சேன்."

அவன் முதுகில் கையை வைத்தேன். அவன் முதுகைத் தொட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று தெரியவில்லை. சட்டைக்குள்ளே எலும்பு தட்டுப்பட்டது. வீட்டுச் சோறு தின்று இரண்டு மாதத்தில் இளைத்தவன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

"இது உன்ற ஊடு" என்றேன். "உன்ற ஊட்டுச் சோத்துக்கு நீ என்னத்தடா செய்யறது? ஓசூர் வேண்டாம். சென்னை வந்தா போ. வராட்டி அடுத்ததப் பாக்கலாம். அதுவரைக்கும் இங்கயே இரு, என்ற கண்ணு முன்னாலயே இரு."

செல்லமுத்து வந்து, இரண்டு போசியையும் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். இரண்டிலும் ஒரு முழுங்கு கூடுதலாகவே ஊற்றினார்.

திரும்பும்போது அவன் என் போசிக்குக் கையை நீட்டவில்லை. நான்தான் அவனுடையதை வாங்கிக்கொண்டேன். மதியம் பஸ் போன நேரத்தில் அவன் ரசத்துக்கு இரண்டாம் தரம் சோறு கேட்டான். வசந்தாமணி போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

பாலுக்கு நான் போய் வந்தேன். மோட்டாரை அவன் கட்டிய பெட்டிக்கே விட்டுவிட்டேன், ஆனால் நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுக்கொண்டேன். தொட்டி நிறைகிற சத்தம் கேட்டது. சரியாகத்தான் நிறுத்துகிறது.

பேப்பர் வந்தது. எதிர்வீட்டு மல்லிகா கோலம் போட்டுக்கொண்டே, "தம்பி லீவு முடிஞ்சு இன்னும் போகலீங்களா?" என்று கேட்டாள். "லீவு இல்லம்மா. வேல போயிருச்சு. வேற பாத்துக்கிட்டு இருக்கறான்" என்றேன். அவள் கோலப் பொடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

வசந்தாமணி தேங்காயை எடுத்து மிக்ஸியில் போட்டாள். நான் போய்ச் சுவிட்சில் கையை வைத்துத் தடுத்தேன். "சட்னி அப்பறம் அரைச்சுக்கலாம். பையன் தூங்கறான்."

எட்டு மணி தாண்டிவிட்டது. இன்னும் எழவில்லை.